நான்கு திரையிலும் ஒரே முகம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணன் ஆல்பத்தை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, "உன் கண்ணு சரியில்ல பாப்பா" என்றார்.

பாப்பாவுக்கு முப்பத்தொன்பது வயது. அண்ணன் கல்யாணங்களைப் படமெடுப்பவர். அந்தப் படங்களுக்கு நிறம் திருத்தி ஆல்பமாக்கித் தருபவள் அவள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. எனக்குக் கை, என் தங்கச்சிக்குக் கண் என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணனே பெருமையடித்துக்கொண்ட காலம் உண்டு. இப்போது ஆல்பத்தில் கல்யாணப் பெண்ணின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. மாப்பிள்ளை முகமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. "அன்னைக்கு ரெண்டு பேருக்கும் குளிர்காய்ச்சலா?" என்று கேட்டு, பெண்ணின் மாமா ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான்கு மாதத்தில் இது மூன்றாவது ஆல்பம்.

"என் லேப்டாப்புல நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதைத்தான் சொல்றேன். உனக்கு நல்லாத் தெரியுது, மத்தவங்களுக்கு நீலமாத் தெரியுது. வயசாகுதில்ல? அடுத்த கல்யாணத்தை வெளிய குடுத்துடலாம்னு பாக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "லேப்டாப் திரை மட்டம். நல்ல மானிட்டர் ஒண்ணு வாங்கறேன். ஒரு வாரம் குடுண்ணே. அப்பவும் சரியா வரலேன்னா நானே ஒதுங்கிக்கிறேன்" என்றாள். கோபத்தில் வந்த வார்த்தை. வீடு போய்ச் சேருவதற்குள் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அந்த வேலையை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வேலை செய்கிற விதம் கொஞ்சம் வீம்பானது. மற்றவர்கள் நிறத்துக்கு ஓரத்தில் வரும் எண்களைப் பார்த்துத் திருத்துவார்கள். இவள் அந்தக் கட்டத்தை மூடி வைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்ப்பாள். முகம் முகமாகத் தெரியும்வரை நகர்த்துவாள். அளவு பார்த்து உப்புப் போடுகிறவர்கள்மேல் இருக்கும் இளக்காரம், எண் பார்த்துத் திருத்துகிறவர்கள்மேலும் அவளுக்கு உண்டு. முடித்த படங்கள் போனில் நீலமடித்ததை அவளும் கவனித்திருந்தாள். ஆனால் போனை அவள் எப்போதுமே நம்பியதில்லை.

மூன்று நாள் மானிட்டர் புராணம் படித்தாள். கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதையும் பெரிய சைஸாக வாங்கினால் லாபம் என்ற கொள்கைக்காரர். வளைந்த திரை, முப்பத்திரண்டு அங்குலம், விளையாட்டுக்காரர்கள் வாங்குவது என்று ஒன்றைக் காட்டினார்.

"வேகமாம்மா. நொடிக்கு நூத்தி அறுபது தடவை படம் மாறுமாம்."

"என் படம் அசையாதுங்க. கல்யாணப் பொண்ணு ஒரே இடத்துலதான் நிப்பா."

அவளுக்கு வேண்டியது வேறு. இருபத்துநான்கு அங்குலம் போதும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறக்கூடாது. அதற்கு ஐபிஎஸ் வகைத் திரை. எஸ்ஆர்ஜிபி என்கிற பொது நிற வரம்பை முழுக்கக் காட்டவேண்டும். மேல்பரப்பு பளபளக்கக்கூடாது. இத்தனையும் இருக்கவேண்டும், கையையும் கடிக்கக்கூடாது. வடிகட்டியதில் நான்கு தேறின. நான்கும் ஒரே கடையில் இருந்தன.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். உள்ளே இருபது திரைகளிலும் கிளிகளும் பழங்களுமாகக் கண்ணைப் பறித்தன. அந்தப் பகட்டை அவள் லட்சியம் செய்யவில்லை. கண்ணாடி போட்ட விற்பனையாளரிடம், நான்கையும் சாதா நிலைக்கு மாற்றச் சொன்னாள். திருப்பிக் கொடுத்த ஆல்பத்திலிருந்து கிழித்து வந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை ஒவ்வொன்றிலும் மாட்டி அதே படத்தைப் போட்டுப் பார்த்தாள்.

முதல் திரையில் பெண்ணின் முகம் அழகான மாநிறம். இரண்டாவதிலும் மாநிறம். மூன்றாவது, நான்காவது, எல்லாவற்றிலும் அதே முகம். கையில் இருந்த தாளில் மட்டும் நீலம்.

"பாத்தீங்களா?" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "என் லேப்டாப்பும் சரி, என் கண்ணும் சரி. பிரிண்ட் போடறவன் மை சரியில்ல. இப்பவே அண்ணனுக்குப் போன் போடறேன்."

விற்பனையாளர் திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நிமிஷம் மேடம். அந்தப் படத்தை இதுல போட்டுத் தாங்க" என்று பென் டிரைவை நீட்டினார். அதைக் கடையின் கணினியில் செருகி, அதே நான்காவது திரையில் காட்டினார்.

நீலம். தாளில் இருந்த அதே நீலம், இம்மி பிசகாமல்.

எடுத்த போனை அவள் மெல்லப் பைக்குள் போட்டாள்.

"திரை மேல தப்பில்ல மேடம். உங்க லேப்டாப் எல்லாத்துக்கும் மஞ்சளா அனுப்புது" என்ற விற்பனையாளர், லேப்டாப்பின் அமைப்புகளுக்குள் புகுந்து துழாவினார். "இதோ. கண் பாதுகாப்பு. ராத்திரி வெளிச்சம் கண்ணை உறுத்தாம இருக்கத் திரையை மஞ்சளாக்கற வசதி. ராத்திரிக்கு மட்டும் வைப்பாங்க. இதுல காலைல ஆறு மணியிலருந்து மறுநாள் காலைல ஆறு மணி வரைக்கும் போட்டிருக்கு. யார் வச்சது?"

கணவர் இருமினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு எரியுதுன்னு சொன்னியேம்மா. நாலஞ்சு மாசம் முன்னாடி. சொட்டு மருந்து குடுத்தேன், அதோட இதையும்..."

"இருபத்துநாலு மணி நேரமுமா?"

"விட்டு விட்டுக் குடுத்தா மருந்து கேக்காதில்ல."

அந்த இடத்தில் அவருடைய கழுத்தை நெரிக்கவேண்டும் போலத்தான் அவளுக்கு இருந்தது. அதே சமயம், கண் எரிகிறது என்று என்றோ ஒருநாள் முனகியதை இந்த மனிதர் காதில் வாங்கி வைத்திருக்கிறாரே என்றும் பட்டது. அதைவிட வெட்கம் தன்மேல். எண்ணைப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். திரை கூட்டிய மஞ்சளைப் படத்தின் மஞ்சள் என்று கண் நினைத்துக்கொண்டது. மஞ்சளை ஈடுகட்ட நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

விற்பனையாளர் இதற்குள் ஆல்பத்தின் மற்ற படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரத்து எண்களைத் திறந்து வைத்திருந்தார். பத்து, இருபது, நாற்பது படம் போனது. "மேடம், இதைப் பாருங்க. எல்லாத்துலயும் ஒரே அளவு. வெயில்ல எடுத்தது, விளக்குல எடுத்தது, எல்லாத்துலயும் ஒரே அளவுதான் நீலம் கூடியிருக்கு. கண்ணு தப்புன்னா ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படின்னு இருக்கும். நீங்க எண்ணே பாக்காமயா செஞ்சீங்க?"

"ஆமா."

"எனக்கு வராது" என்றார் அவர்.

அவள் அழவில்லை. கிளிகளைப் பார்ப்பதுபோல் சற்று நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

கண் பாதுகாப்பை அணைத்துவிட்டு மறுபடியும் ஒப்பிட்டாள். லேப்டாப்பின் சொந்தத் திரையில் சிவப்பு இன்னமும் செங்கல் மாதிரிதான் இருந்தது. மானிட்டர் வேண்டியதுதான். செய்த தப்புக்குப் பரிகாரமாக நான்கில் விலை கூடியதை வாங்கித் தருவதாகக் கணவர் முன்வந்தார். அவள் இரண்டாவதைக் காட்டினாள். இருப்பதில் மலிவு. பார்க்கக் களையில்லாதது. தாளில் உள்ளதைத் தாளில் உள்ளபடி காட்டியது.

ஞாயிறு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே அளவில் கூடிய நீலம் ஒரே அளவில் குறைந்தது. எண்களை இந்த முறை மூடி வைக்கவில்லை. திங்கட்கிழமை பத்துப் பக்கம் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனாள்.

அண்ணன் ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவதை முடித்ததும் முகம் மலர்ந்தது. "பிரமாதம். யார்கிட்ட குடுத்துச் செஞ்சே?"

"நான்தான் செஞ்சேன்."

"நீயா?"

லேப்டாப்பில் கண் பாதுகாப்பு போட்டிருந்ததையும், தான் அதைக் கவனிக்காததையும் சொன்னாள். கவனிக்காதது தன் தப்பு என்றாள். யார் போட்டது என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாற்பது படத்திலும் ஒரே அளவு இருந்ததையும் சொன்னாள். அண்ணன் தாள்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அவர்கள் வீட்டில் ஆண்கள் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. அப்பாவும் அப்படித்தான். அம்மா காலமெல்லாம் அந்தக் கேள்விக்கு, சாப்பிட்டேன் என்று பதில் சொல்லியே எல்லாவற்றையும் மறந்துபோனாள்.

"சாப்பிட்டேன்" என்றாள். நகரவில்லை. "என் கண்ணு எப்படிண்ணே இருக்கு?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வாசலில் யாரோ அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து நின்றார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார், வந்தவர்கள் காதிலும் விழும்படி.

"சரி, அடுத்த கல்யாணப் படத்தைக் குடு" என்று கையை நீட்டினாள்.