ஆறரை மில்லி ஆங்கர்

மயக்க மருந்து வேண்டாம்னு அடம் பிடிச்சது நான்தான். கழுத்துல ஒரு ஊசி போட்டு கையை மட்டும் மரத்துப் போக வையுங்க, நான் முழிச்சிக்கிட்டே இருக்கேன்னேன். பத்தொன்பது வருஷமா இதே ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்குற நர்ஸ், எனக்கென்ன பயம்னு ஒரு வீறாப்பு. முகத்துக்கு முன்னாடி பச்சைத் துணியைக் கட்டினதும் அந்த வீறாப்பு போன இடம் தெரியல.

வலது தோள்ல, கையைத் தூக்குற தசைநாண் எலும்பை விட்டுக் கிழிஞ்சு கிடக்கு. சின்னத் துளை வழியா கேமராவை விட்டு, எலும்புல ஆங்கர்னு ஒரு குட்டித் திருகாணியை இறக்கணும். அதுல இருக்குற நூலால தசைநாணை இழுத்துக் கட்டணும். பிடிச்சா கை மேல போகும். பிடிக்கலேன்னா தியேட்டர் வேலைக்கு முழுக்குதான்.

கிழிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா வார்டுக்குத் தூக்கிப் போட்டுடுவாங்களே. சட்டைக் கை நுழைக்க, தலை வார, எல்லாத்துக்கும் மகள்தான். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்ற, உனக்குன்னா ஓடி ஒளியுறியேம்மா"ன்னு தினமும் குத்திக் காட்டுவா. கடைசியில அவளே டாக்டருக்குப் போன் போட்டுட்டா. ரெண்டு நாள் அவ முகத்துல முழிக்கல நான்.

டிரில் ஓடி நின்னுச்சு. ஆங்கர் இறங்குற சத்தம் கேட்டுச்சு. அடுத்து டாக்டர் நூலை இழுத்துப் பார்ப்பார், அது எனக்கு மனப்பாடம். இழுத்தார். என் உடம்பு லேசா ஆடுச்சு.

"ஆங்கர் கையோட வந்துடுச்சு"ன்னார் மெதுவா. "எலும்பு ரொம்ப மெத்துன்னு இருக்கு. பெரிய ஆங்கர் எடும்மா, ஆறரை மில்லிமீட்டர்."

கடைசி ஆறரையைப் போன வாரம் பிரிச்சவ நான். கடைசிப் பெட்டியைப் பிரிச்சவங்க, வெளிய போறதுக்கு முன்னாடி சுவர்ப் பலகையில தீர்ந்துடுச்சுன்னு எழுதிட்டுத்தான் போகணும், அது எங்க தியேட்டர் வழக்கம். பலகை தலைக்கு மேல ஒரு முழம். அன்னைக்கு என் கை அவ்வளவு தூரம் போகல. இடது கையால எழுதினா கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், ஏன்னு கேப்பாங்க. ஆள் இல்லாதப்போ ஸ்டூல் போட்டு எழுதிக்கலாம்னு விட்டேன். பாவி, மறந்தே போயிட்டேன்.

அலமாரியில பெட்டிகளை நகர்த்துற சத்தம். "இருக்கணுமே, பலகையில ஒண்ணும் எழுதலையே"ன்னு என் ஜூனியர் பொண்ணு முணுமுணுத்தா. நான் வாயைத் திறக்கலேன்னா பழி அவ தலையில விழும். என் நெஞ்சு அடிக்கிறது மானிட்டர்ல எல்லாருக்கும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

"தேடாதேம்மா, இல்ல"ன்னேன். "தீர்ந்துடுச்சு. நான்தான் எழுதல. கை எட்டல."

அலமாரிக் கதவை மூடுற சத்தம் கேட்டுச்சு.

"சரி, பழைய முறையில போறேன்"ன்னார் டாக்டர். "கொஞ்சம் திறந்து, எலும்புலயே துளை போட்டு, நூலைக் கோத்துக் கட்டுறேன். மெத்து எலும்பு, நூலே அறுத்துக்கிட்டு வந்தாலும் வரலாம். சொல்லிட்டேன்."

நாற்பது நிமிஷம். வலி துளிகூட இல்ல, ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் போச்சு போச்சுன்னு உயிர் போய் உயிர் வந்துச்சு.

"இப்போதைக்குப் பிடிச்சிருக்கு. ஆறு வாரம் தொங்கல் கட்டு. அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்."

அப்பாடான்னு மூச்சு விட்டேன். "ஆறு மாசத்துல தியேட்டருக்கு வந்துடலாம்ல டாக்டர்?"

கையுறையைக் கழற்றிட்டு, துணியைச் சுத்தி வந்து என் முகத்துக்கு நேரா நின்னார். அவர் திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

"எட்டு மாசமா இந்தக் கையாலதான் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கீங்க, சிஸ்டர். எதையாவது தவற விட்டீங்களா?"

அதுவரைக்கும் என் தோளுக்கு மட்டும்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.

"ஒரே ஒரு தடவை"ன்னேன். "கத்தரி நழுவி என் மடியில விழுந்துச்சு. இடுப்புக்குக் கீழ பட்டது சுத்தமில்ல, மாத்தணும்; வேற எடுக்கக் கையை நீட்டணும். யாரும் பார்க்கலேன்னு அதையே கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"காய்ச்சல் விடாம, புண்ணு ஆறாம திரும்ப வந்து மூணாவது பெட்ல படுத்திருக்காரே, டாக்டர். அவருக்குத்தான்."