இரண்டாம் சோதனை

மூச்சு இயந்திரத்தின் குழாயை மருத்துவர் கழற்றியது முதல் அக்காள் தம்பியின் மார்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடத்திற்குள் அது தானாக ஒருமுறை எழுந்தால் போதும். எழாவிட்டால் இறந்தான் என்று எழுதிவிடுவார்கள். விடியலில் நடந்த முதல் சோதனையில் எழவில்லை. ஆறு மணி நேரம் கழித்து நடக்கும் இதுவே கடைசி.

ஏணியிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு மூன்று நாளாகக் கிடக்கும் மின்பணியாளன் அவன். சிறுநீரகங்களைத் தானமாகக் கேட்டிருந்தார்கள். தம்பி மனைவி அந்தப் பாரத்தை நாத்தனாரின் தலையில் இறக்கியிருந்தாள். “நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணி. துளி உயிர் இருந்தாலும் அவர அறுக்க விடமாட்டேன்.”

அக்காளைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக விதைப் பரிசோதனைக் கூடத்தில் உயிர் உண்டா இல்லையா என்று பார்ப்பதே அவளுக்குத் தொழில். ஈரத்தாளில் முளைக்காது கிடக்கும் விதையை நகத்தால் அழுத்துவாள். குழைந்தால் செத்தது, கெட்டியாக நின்றால் உறங்குவது. எமனே எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கிளம்புவான் என்று தம்பி கேலி செய்வான். ஒருமுறை, அவள் செத்ததென்று எழுதி ஒதுக்கிய விதைகள் குப்பைக்கூடையில் பச்சை கட்டி நின்றன. அன்றுமுதல் இருமுறை அழுத்தாமல் அவள் எதையும் எழுதியதில்லை.

நான்காம் நிமிடத்தில் தன்னையறியாமல் தம்பியின் பெருவிரலைப் பற்றி நகத்தால் அழுத்தினாள். கெட்டியாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

ஏழாம் நிமிடத்தில் அவன் வலக்கை மெல்ல எழுந்து, மார்பை நோக்கி வளைந்து, நடுங்கிப் படுக்கையில் விழுந்தது. அவள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த துதி பாதி அடியில் நின்றுபோயிற்று.

“கையத் தூக்குனானே டாக்டர்.”

அது முதுகுத்தண்டின் வேலை, மூளை ஏவியதல்ல என்றார் மருத்துவர். “மூச்ச மட்டும் பாருங்கம்மா. அது வந்தா சோதனைய நானே நிறுத்திடுவேன்.”

அவனோடு சேர்ந்து அவளும் மூச்சை அடக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தோற்று மூச்சை இழுத்தாள். பத்து நிமிடம் முடிந்தும் அவன் மார்பு எழவேயில்லை.

உறவினர் முடிவு சொல்லும்வரை சிறுநீரகங்கள் கெடாதிருக்க இயந்திரத்தை மீண்டும் பூட்டினார்கள். மார்பு சீராக எழுந்து தாழ்ந்தது. மருத்துவர் மரண நேரத்தைப் பதினொன்று நாற்பது என்று எழுதினார்.

“பதினொன்னு முப்பத்தொம்பதுக்கு அவன் என்னவா இருந்தான்?”

பேனா நின்றது. “எனக்குத் தெரியலம்மா. சட்டத்துக்கு ஒரு நிமிஷம் வேணும். அத எழுதுறேன்.”

தம்பி மனைவி அவள் முகத்தையே பார்த்து நின்றாள். அந்த விரலை நோக்கி மறுபடி நீண்ட தன் கையை அக்காள் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“போடும்மா,” என்றாள்.

கையெழுத்தானதும், அறுவை அரங்கிலிருந்து ஆள் வரும்வரை இருக்கலாம் என்று சொல்லி மருத்துவர் வெளியேறினார். நடையில் பணி மாறிச் செல்லும் செவிலியர் இருவர் எதற்கோ உரக்கச் சிரித்தார்கள். அக்காள் ஓசைப்படாமல் எழுந்துபோய்க் கதவிடையே நின்று, உதட்டின்மேல் விரல் வைத்து அவர்களைப் பார்த்தாள்.