சாரதாவின் ஆட்சேபணை

புயல் நிவாரணம் யார் யாருக்கு என்று கோயில் மைக்கிலேயே படிக்கப் போகிறார்கள் என ஆட்டோவில் அறிவித்துவிட்டுப் போனதிலிருந்து செலியமேட்டுச் சாரதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன முறை நிலமே இல்லாதவனெல்லாம் வாங்கித் தின்றுவிட்டான் என்று ஊரெல்லாம் புகைச்சல். அதனால் இந்த முறை எல்லாம் வெட்டவெளிச்சம். ஆட்சேபணை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லலாம். சொன்னால் அந்தப் பேருக்குப் பணம் நின்றுவிடும். யாருக்கு யார்மேல் கடுப்பு என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று டீக்கடையில் ஒரே குஷி.

சாரதாவுக்குப் பணமும் வேண்டும்தான். ஏரித் தண்ணீர் ஏறி, ஒன்றரைக் காணி சம்பா கதிரோடு அழுகிக் கிடந்தது. மறுபடி நாற்றுவிடக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் தவிப்பு வேறு. நிலம் அவள் புருஷன் செல்லப்பன் பேரில் இருந்தது. அவர் செத்து ஒரு வருஷமாகிறது. அந்தப் பேரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஊர் 'போனவரு' என்கிறது, மகன் குணா 'அப்பா' என்கிறான். அவளே சொல்லிக்கொள்ளலாமே என்றால், கட்டியவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த நாக்கு அது. இனிக் குறைய என்ன இருக்கிறது? ஆனாலும் எழவில்லை. பட்டியல் படிக்கிறவர் வாயாலாவது ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

கூட்டத்தன்று கோயிலுக்கு முதல் ஆளாகப் போய் முன்னால் உட்கார்ந்தாள். உழவர் உதவியகம் என்ற வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி பிரியதர்ஷினி ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"சாரதா. ஒன்றரைக் காணி, சம்பா. ஆட்சேபணை உண்டா?"

சாரதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற குணா குனிந்து, பட்டாவைப் போன மாசமே அவள் பேருக்கு மாற்றிவிட்டதாகவும், பணம் நேராக அவள் கணக்குக்கே வந்துவிடும் என்றும் பெருமையாகச் சொன்னான். ஏதோ சான்றிதழுக்கு என்று அவன் நீட்டிய தாள்களில் அவள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிள்ளை நல்லதுதான் செய்திருந்தான். ஆனால் அந்தப் பேர் பட்டாவிலிருந்தும் போய்விட்டது.

எழுந்து நின்றாள். "எனுக்கு ஆட்சேபணை இருக்கு."

கூட்டம் சிரித்தது. தன் பணத்துக்குத் தானே ஆட்சேபணை சொன்னவளை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. குணா முந்தானையைப் பிடித்து இழுத்தான். "இன்னாமா பண்ற, உக்காரு."

பிரியதர்ஷினி சிரிக்கவில்லை. ஆட்சேபணை என்றால் பணம் நின்றுவிடும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். பிறகு மைக்கை அவள் பக்கம் நீட்டி, அப்படியானால் நிலம் யாருடையது என்று கேட்டாள்.

சாரதா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"செல்லப்பன்."

ஒலிபெருக்கி அதை வாங்கி அழுகிய வயல்களைத் தாண்டி ஏரிக்கரைவரை கொண்டுபோயிற்று.

"பணத்த நிறுத்தாதம்மா," என்றாள் சாரதா. "அந்தப் பேரயும் சேத்து இன்னொரு தரம் நீ படி. அது போதும்."

பிரியதர்ஷினி நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். "செல்லப்பன் மனைவி சாரதா. ஆட்சேபணை உண்டா?"

யாரும் வாய் திறக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார் என்று அவள் மனசின் ஒரு மூலையில் இத்தனை நாளாக இருந்திருக்கிறது போலும். சாரதா கோயில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.