தளராத பாபின்

எங்கள் ஆலையில் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் நூல் செய்கிறோம். தேன் போலக் கெட்டியான ஒரு கரைசலை, ஊசிமுனை ஓட்டைகள் வழியே, மூன்று மாடி உயரமுள்ள சூடான குழாய்க்குள் பிழிந்து விடுவார்கள். கீழே இறங்குவதற்குள் கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நூலாகப் பாபின் என்னும் உருளையில் சுற்றப்படும். குழாயைக் கவனிப்பவர் என் கணவர். நூல் எவ்வளவு தாங்கும் என்று இழுத்து அறுத்துப் பார்ப்பவள் சோதனை அறையில் இருக்கும் நான்.

போன மாதம் குழாயில் சூடு குறைந்து, அவருடைய இரண்டு லாட் நூல் என் சோதனையில் தேறவில்லை. "மூணாவதும் போச்சுன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பதினொரு வருஷம் அந்தக் குழாயோடு குடித்தனம் நடத்தியவர். நாலு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது லாட் ஓடிய அன்று, காலை பதினொரு மணிக்கு அவரே ஒரு பாபினை ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"சோதனைக்கு நாளைக்குத் தள்ளுவண்டியிலதானே வரும்?" என்றேன்.

"நாளை வரைக்கும் என்னால முடியாது. இப்பவே பாரு."

"வீட்லதான் பறக்குறீங்க, இங்கயுமா?"

சொல்லிக்கொண்டே வெட்டினேன். பத்து சென்டிமீட்டர் துண்டு, அறுவதற்கு முன் ஐம்பத்தைந்து சென்டிமீட்டராவது நீள வேண்டும். ஐந்து துண்டும் ஐம்பது, ஐம்பத்தொன்றிலேயே அறுந்தன. அவர் பாபினை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பதிவேட்டில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

மேசையைத் துடைக்க வந்தபோது, கூடுதலாக வெட்டி வைத்த ஆறாவது துண்டு அளவுகோலின் பக்கத்தில் கிடந்தது. பத்துக்கு வெட்டியது, ஒன்பதில் நின்றது.

உடனே உறைத்தது. நூலை இழுத்த இழுப்பில்தான் பாபினில் சுற்றுகிறார்கள். ஒரு நாள் தளர்ந்து கிடந்தால்தான் அது தன் அளவுக்கு முழுதாகத் திரும்பும். நூலைத் தட்டில் தளர்த்திப் போட்டு வைத்து, வண்டி மறுநாள் கொண்டுவருவதே அதற்காகத்தான். நான் பத்து என்று மாட்டியது உண்மையில் ஒன்பது; அதனால்தான் சீக்கிரம் அறுந்தது. அவர் அவசரம் அவருக்கே வினையாகிவிட்டது. அதற்கு இடம் கொடுத்தது நான்.

மூன்று மணிக்கு வந்த மேனேஜரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"நூலுக்காகப் பேசுறீங்களா, வீட்டுக்காரருக்காகவா?"

"நீங்களே வெட்டிப் பாருங்க சார்."

அதே பாபினிலிருந்து பத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். அளவுகோலை ஒட்டி வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். டீ வந்தது. தன் முட்டிவலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"நகருதே இது."

டீ ஆறுவதற்குள் ஒன்பதரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்பது.

"எழுதினதை அடிக்காதீங்க. பக்கத்துல காரணத்தை எழுதுங்க. நாளைக்கு நானே மாட்டுறேன்."

மறுநாள், அதே லாட்டிலிருந்து தட்டில் தளர்த்திப் போட்டிருந்த நூலை மேனேஜரே வெட்டி, அவரே மாட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.

கதவைத் தட்டினேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பசிக்குது" என்றார்.

அன்று என் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்து அவரே காலி செய்தார். சாயங்காலம் சோதனை அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பாபினைக் கையில் கொண்டுவரக் கூடாது.

"இது யாருக்காம்?" என்று கேட்டார்.

"பொதுவாத்தான் போட்டிருக்காங்க" என்றேன்.