உங்க வார்த்தையில சொல்லுங்க

மனைவி செத்துப்போனதை ஒரு மனிதனுக்கு எத்தனை பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்? காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் குப்பியின் மூடியைத் திறக்கும் விதத்தை எத்தனை பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவாள். மின்சார அடுப்பின் எச்சரிக்கையை எங்கே வைப்பது, எந்த வரிக்கு மஞ்சள் கட்டம் கட்டுவது, எல்லாம் அத்துப்படி. அதுதான் அவள் பிழைப்பு. ஆனால் இந்த ஒரு வரிக்கு மட்டும் கை வரவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் பொருளோடு மடித்துக் கிடக்குமே ஒரு தாள், பெரும்பாலானவர்கள் படிக்காமல் தூக்கி எறிவார்களே, அந்தத் தாளை எழுதும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பொறியாளர்கள் மூச்சு விடாமல் எழுதி அனுப்புவார்கள். அவள் வெட்டுவாள். ஒரு வரிக்கு ஒரு விஷயம். முக்கியமானது மேலே. சுற்றி வளைக்கிற பேச்சே கிடையாது. ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கத்தரி'. இதை ஒருநாள் அண்ணனிடம் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அந்த வேலையில் எழுதுவதைவிடப் பெரிய விஷயம் சோதனை. வாசல் காவலாளி, பார்சல் கொண்டுவந்தவர், மாடிப்படி துடைக்கும் அம்மா என்று யாராவது ஒருவரை உட்கார வைத்துத் தாளைக் கொடுப்பாள். படித்து முடித்ததும் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்வாள். "என்ன புரிஞ்சுது? உங்க வார்த்தையில சொல்லுங்க." தாளில் இருந்ததையே வரி பிசகாமல் ஒப்பித்தால் தாள் தோற்றது என்று அர்த்தம். "அட, திருகக் கூடாது, மேல அமுக்கணும், அவ்வளவுதானே?" என்று அலட்சியமாகச் சொன்னால் ஜெயித்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையை அசைக்கக் கூடாது. இதில் அவள் கறாரானவள்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். நாற்காலி, கட்டில் விற்கும் கடையில் விற்பனையாளன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். நாற்காலி வாங்க வந்தவர்கள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டுவிட்டு, வாங்காமலே சந்தோஷமாகப் போவார்களாம். மழை பெய்தது என்று சொல்ல வேண்டுமானால் முந்தின நாள் வெயிலில் இருந்து ஆரம்பிப்பான். "சட்டுனு சொல்லுங்களேன், தூக்கம் வருது" என்பாள் அண்ணி. சொல்லிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுதும் கேட்பாள். அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. கடையைச் சாத்திவிட்டு அவள் வரும்போது தெருவே அடங்கியிருக்கும்.

இரண்டு பேரும் ஒரே வண்டியில் போன ஒரு விடுமுறை நாளில் பின்னால் வந்த லாரி இடித்தது. அண்ணி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அண்ணனுக்குத் தலையில் அடி. அவன் கண் விழிப்பதற்குள் அண்ணியின் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. விழித்தவனுக்குப் பழையது எல்லாம் நினைவிருந்தது. கல்யாணத்தில் யார் எந்தச் சட்டை போட்டு வந்தார்கள் என்பதுவரை இருந்தது. புதியது எதுவும் தங்கவில்லை. இன்று சொன்னது நாளைக்கு இல்லை.

அவள் வீட்டை ஒட்டினாற்போல்தான் அண்ணனின் வீடு, நடுவில் ஒரே சுவர். காலையில் அவள் போய் நின்றதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "எங்கடி உன் அண்ணி?" சொன்னாள். அவன் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து அழுத அழுகையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, "எங்கடி உன் அண்ணி?" மறுபடி சொன்னாள். மறுபடி அதே தரை, அதே அழுகை. எந்தப் பாவி மனசு தினமும் அதைச் செய்யும்? ஒருநாள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் முழுக்க ஜன்னலை விட்டு அவன் நகரவில்லை. பொய் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் நினைவுப் பயிற்சி சொல்லித்தரும் அம்மாதான் ஒரு வழி சொன்னார். உங்கள் அண்ணனை யோசித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள், தப்பாக ஊகிக்க விடாதீர்கள், ஒரே இடத்தில் ஒரே வார்த்தைகளில் தினமும் படிக்கட்டும், படித்தது நினைவில் இல்லாவிட்டாலும் விஷயம் மெல்ல ஏறிவிடலாம் என்றார். இவளுக்குச் சட்டென்று உயிர் வந்தது. ஏற வைப்பதுதானே அவள் தொழில்! அவன் இதை ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் போதும். அண்ணி தினமும் சாக வேண்டாம், அவனும் தினமும் சாக வேண்டாம்.

அப்படித்தான் அந்தத் தாளோடு உட்கார்ந்தாள். மென்மையான வார்த்தைகளையெல்லாம் போட்டுப் பார்த்து அடித்தாள். மென்மையாகச் சொன்னால் வாசிக்கிறவர் அதில் எங்கேயாவது ஒரு நம்பிக்கையைத் தேடிப் பிடித்துவிடுவார் என்பது அவள் அனுபவம். கடைசியில் எழுதினாள். மாத்திரை நீல டப்பாவில் உள்ளது. அடுப்பைத் தொடாதே, தங்கை வருவாள். உன் மனைவி விபத்தில் இறந்துவிட்டாள். இரவில் கதவை உள்ளே தாழிடு. மூன்றாவது வரிக்கு மட்டும் மஞ்சள் கட்டம். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று கடைசி வரி. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில் ஒட்டினாள்.

முதலில் அவன் படித்துப் படித்து அழுதான். பிறகு கண் மட்டும் கலங்கியது. பிறகு ஒரு காலையில், மேலிருந்து கீழே விரல் வைத்து, மாத்திரையைப் படித்த அதே குரலில் மஞ்சள் கட்டத்தையும் படித்துவிட்டு, "டீ போட்டுக்கிட்டு வரியா கத்தரி?" என்றான். அவள் அடுக்களைக்குள் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். நிம்மதியில்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தாள் தேவைப்படவேயில்லை. சுவரைப் பார்க்காமலே சொன்னான். துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுக்காரர் அண்ணி பேச்சை எடுத்ததும் "உன் மனைவி விபத்தில் இறந்துவிட்டாள்" என்று அவரிடமே சொல்ல, மனிதர் வெலவெலத்துப்போய், வந்த வழியே வீட்டுக்கு ஓடினார். அந்தக் கதையை அவள் கணவனிடம் சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அழுகை நின்னுடுச்சில்ல? அப்புறம் என்ன? அதைப் போட்டுக் கிளறாதே" என்றான் கணவன். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவளும் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்கினாள். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. கடைசி வரியையும் அண்ணன் தப்பாமல் சொன்னான், ஆனால் தாழ் மட்டும் போடவே இல்லை. தினமும் காலையில் அவள் சாவியைப் போட்டுத் திருகியதும் கதவு திறந்துகொண்டது. எழுத்தைப் பெரிதாக்கினாள். அடிக்கோடு இட்டாள். கதவுப் படம்கூட வரைந்து ஒட்டினாள். ஊஹூம். அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கத்தரிக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்?

அன்று அலுவலகத்தில் இருமல் மருந்துத் தாளுக்குச் சோதனை. படிக்கட்டு துடைக்கும் அம்மா படித்துவிட்டு அப்படியே ஒப்பித்தார். புதிதாகச் சேர்ந்த பெண் 'புரிந்தது' என்று குறிக்கப் போனாள். "ஒப்பிக்கறது எப்படி புரிஞ்சதாகும்?" என்று இவள் வள்ளென்று விழுந்தாள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் படுக்கும் வழக்கம். அவள் நேரே போய்ச் சுவரிலிருந்து தாளைப் பிரித்தாள். ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்து வந்தது. தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம், யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு?"

அவன் ஒப்பித்தான். மாத்திரை, அடுப்பு, மனைவி, கதவு. ஒரு எழுத்து பிசகவில்லை.

"அது தாளோட வார்த்தை. உன் வார்த்தையில சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு சுவரில் உரிந்திருந்த இடத்தைப் பார்த்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடுகிறவன் முகம் அது. கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் அவன் முகம் இப்படித்தான் ஆகும். விபத்துக்குப் பிறகு அதை அவள் பார்த்ததே இல்லை.

"அவ கடையைச் சாத்திட்டு வர லேட்டாகுமா, நான் முன்னாடியே படுத்துடுவேன். உள்தாழ் போட்டுட்டா, கையில சாவி இருந்தும் பாவம் தெருவுலதானே நிக்கணும்? அதனால போடறதில்லை. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வருவா, நான் முழிச்சிடக் கூடாதாம். நான் எங்கடி தூங்கினேன்? அவ வந்து படுக்கறவரைக்கும் தூங்கற மாதிரி கிடப்பேன். இத்தனை வருஷமா அவளுக்கு அது தெரியாது. ஒருநாள் சொல்லிச் சிரிக்கணும்னு வெச்சிருந்தேன்..."

பேச்சு நின்றது. எதையும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாதவன் நிறுத்திவிட்டான். வெட்டுவதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவன் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கைச் சரிபார்க்கிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அப்போ இனிமே நான் தாழ் போட்டுக்கலாம். அதானே?"

புரிந்துவிட்டது. அவள் எழுதியதிலேயே இதைவிடச் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்ட தாள் கிடையாது. ஆமாம் என்று தலையசைக்க வேண்டும், இங்கே என்ன சோதனையா நடக்கிறது? கழுத்து அசையவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுவான் என்று காத்திருந்தாள். அவன் அழவில்லை. "நீ போ, உங்க வீட்ல தேடுவாங்க" என்று மட்டும் சொன்னான்.

தன் வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் நடுச்சுவரை ஒட்டி நின்றாள். தாள் இன்னும் கையில்தான் இருந்தது. நாளைக் காலையில் இவையெல்லாம் அவனுக்கு மறந்திருந்தால் இதைத் திரும்ப ஒட்டுவதா? ஒட்டினால் ஒப்பிப்பான். ஒட்டாவிட்டால் சிரித்துக்கொண்டே கேட்பான். எது தேவலை என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் மறந்திருக்கட்டும் என்று மனசு வேண்டியது, அப்படி வேண்டியதற்காக வெட்கப்பட்டது. தாழ் போடாமலே படுத்துத் தூங்கிவிட்டால் போதும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. காலடி வாசல்வரை போய் நின்றது. பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது. வருஷக்கணக்காக யாரும் தொடாத தாழ்ப்பாள், பாதியில் சிக்கிக்கொண்டது. சிக்கியபடியே இருக்கட்டும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மறுபடி இழுத்தான். மறுபடியும். மூன்றாவது இழுப்பில் அது கடைசிவரை போய் விழுந்தது.

நாளைக் காலையில் சாவி போதாது. அவள் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். தட்டும் சத்தம் கேட்டதும், பாவம் தெருவில் நிற்கிறாளே என்று, முகம்கூடக் கழுவாமல், அவன் ஓடி வருவான்.