இரண்டாவது தடவை கேட்டால்

குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, சுண்டுவின் அப்பா உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் பள்ளிக்கூடத்தின் பரிசோதனை அறைக்குள் அவரை விட்டிருந்தார்கள். அவருக்கு அது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம்.

சுண்டு ஒன்றாம் வகுப்புக்குப் போவதா, மழலை வகுப்பிலேயே இன்னொரு வருடம் கிடப்பதா என்பதை எதிரே இருந்த மேடம்தான் தீர்மானிக்க வேண்டும். குழந்தைகளின் அறிவை அளப்பது அவருடைய உத்தியோகம். பக்கத்து வீட்டு இரட்டையர்கள்கூடத் தேறிவிட்டார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்தும் ஒரு ஷூ லேஸ் கட்டத் தெரியாத மேதைகள். சுண்டு அவர்களிடம் தனக்கு நடு இடம் பிடித்து வைக்கச் சொல்லியாகிவிட்டது.

மேடம் ஒரே மாதிரியான இரண்டு தம்ளர்களில் சிவப்புத் தண்ணீரைச் சமமாக ஊற்றினார். பிறகு ஒரு தம்ளரை எடுத்து ஒல்லியான நெட்டைக் குவளையில் கவிழ்த்தார். தண்ணீர் மளமளவென்று ஏறி நின்றது.

"இப்ப ரெண்டுலயும் சமமா இருக்கா?"

"சமம்தான். அதே தண்ணிதானே?" என்றாள் சுண்டு.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் பரிசோதனையின் விதிப்படி மேடம் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார்.

"சமமா இருக்கா?"

சுண்டு குவளையைப் பார்த்தாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். "இல்ல... நெட்டைல ஜாஸ்தி."

இரண்டு களிமண் உருண்டைகளில் ஒன்றைத் தட்டையாக்கிக் கேட்டபோதும் இதே கூத்து. இரண்டு பொத்தான் வரிசைகளில் ஒன்றை அகலப் பரப்பிக் கேட்டபோதும் இதே கூத்து. முதலில் சரியான பதில், மறுபடி கேட்டதும் தலைகீழ். தெரிந்துதான் சொல்கிறாளா, குருட்டாம்போக்கில் அடிக்கிறாளா என்று பெற்றவருக்கே பிடிபடவில்லை.

மேடமும் குழம்பிப்போனார். "ஏம்மா மாத்திச் சொல்றே?"

"நீங்கதானே திரும்பக் கேட்டீங்க!" சுண்டுவின் குரலில் லேசான எரிச்சல்கூட இருந்தது.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கடையில் கண் அளப்பவர் அவர். 'இப்ப தெளிவா? இப்ப?' என்று நாள் முழுக்க ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிக் கேட்டு, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். "பல் தேச்சியா?" என்பார். "தேச்சேன்" என்பாள். "தேச்சியா?" என்று அவர் திரும்பக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அர்த்தம், "இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவாள். அந்த வீட்டில் ஒரு கேள்வி இரண்டாவது தடவை வந்தால் முதல் பதில் செல்லாது.

கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு அத்தனையையும் மேடத்திடம் கொட்டினார். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "விதியை நான் மாத்த முடியாதுங்க. வேணும்னா இன்னொரு தடவை வச்சுப் பார்க்கலாம். நீங்களே அவளுக்குச் சொல்லிப் புரிய வைங்க."

அப்பா மகளின் காதில் குனிந்தார். "எத்தனை தடவை கேட்டாலும் மொதல்ல சொன்னதையே சொல்லணும். மாத்தவே கூடாது, தெரிஞ்சுதா?"

சுண்டு தலையாட்டினாள். தண்ணீர் சமம், சமம். களிமண் சமம், சமம். அப்பா குட்டி நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியாக மேடம் பொத்தான்களை இரண்டு வரிசையாக அடுக்கி, "சமமா?" என்றார்.

"சமம்."

இவள் மனப்பாடமாகச் சொல்கிறாளோ என்று பார்க்க, மேடம் ஒரு வரிசையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். "இப்ப?"

சுண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "...சமம்."

"நான் ஒண்ணை எடுத்ததைப் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் எப்படிம்மா சமம்?"

"மாத்தக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணால் பார்த்த பொத்தானைவிட அவள் தன்னை நம்பிவிட்டாளே! மேடம் குழந்தையை அருகில் இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். "அப்பா சொன்னது கெடக்கட்டும். உனக்கு என்னடா தோணுது?"

"இதுல ஒண்ணு கொறச்சல்." விசும்பலுக்கு நடுவே வந்தது பதில். "அந்தத் தண்ணி மொதல்லேருந்தே சமம்தான்."

மேடம் பேனாவைக் கையில் பிடித்தபடி மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்குத் தெரிஞ்சதை எழுதவா, இவ சொன்னதை எழுதவா? இத்தனை வருஷத்துல எனக்கு இப்படித் தலை சுத்தினதில்ல."

அப்பாவுக்கு மட்டும் என்ன தெரியும்?

மேடம் பெருமூச்சு விட்டார். "சரி, ஒண்ணாம் வகுப்புலயே போடுறேன்." பேனா தாளில் இறங்கியது.

அப்பாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "ஒண்ணாம் வகுப்புலயா மேடம்?"

பேனா நின்றது. மேடம் தாளை மறுபடி மேலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

சுண்டு நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து அப்பாவின் வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். "திரும்பக் கேக்காதப்பா! மாத்திடப் போறாங்க!"

மேடம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு 'ஒன்றாம் வகுப்பு' என்றே எழுதினார். கையெழுத்துப் போட்டு முடியும்வரை சுண்டு கையை எடுக்கவில்லை.