வாசலைத் தொட்ட கை

கிளப்புக்குக் கபடி ஆடியே என் முதுகுத்தண்டு நைந்துபோனது. அந்த வலி நிஜந்தானா, கிளப் இழப்பீடு தரலாமா என்று சோதிக்க வேங்கிக்காலில் ஒரு டாக்டர் கூப்பிட்டிருந்தார்.

“நடிக்கிறான்னு எழுதிட்டா அவ்ளோதான்” என்று ஆட்டோவில் மனைவி எழிலரசியிடம் புலம்பிக்கொண்டே போனேன்.

“புகழேந்தி!”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு படபடத்தது, ஆட்டத்துக்கு முன்னால் படபடப்பதுபோலவே. பாழாய்ப்போன பழக்கம். களத்தில் இறங்குகிறவன் மாதிரி டாக்டர் அறை வாசலில் குனிந்து, தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டார்.

“நல்லாவே குனியிறீங்களே!” என்றபடி எழுத ஆரம்பித்தார்.

என்னால் நிமிர முடியவில்லை. இடுப்பில் கத்தி இறங்கியது. இப்போது அலறினால் நடிப்பு என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்தபடியே அவருக்கு வணக்கம் வைத்தேன்.